சென்ட்டின் வாசனையை எழுதிப் பழகுவது எப்படி

புதிதாக ஒரு சென்ட் அடித்துக்கொண்டு வீட்டில் "எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா இருக்கு", "தூக்கலா இருக்கு", "தலை வலிக்குது" என்ற மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். சாம்பாரில் உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் கண்டுபிடித்துச் சொல்கிற வீட்டில், வாசனைக்கு மட்டும் மூன்றே பதில்கள். மூக்கு மந்தமாகிவிடவில்லை. மோந்ததைச் சொல்லாக்கிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் 'ஸ்பைசி வுடி' என்று சொல்லி ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். பட்டை, கிராம்பு, சந்தனம் எல்லாம் சேர்ந்து கதகதப்பாக இருக்கும் என்று நம்பி வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து அடித்தால் ஏலக்காயின் குளுமையும் சீவிய மரத்தின் வறட்சியும்தான் வந்தன. கடையில் பொய் சொல்லவில்லை. ஏலக்காயும் மசாலாதான், வறண்ட மரமும் மரம்தான். ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை விதமான வாசனைகள் அடைந்துகிடக்கின்றன என்பது அன்றுதான் புரிந்தது. அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எழுத ஆரம்பித்தேன். கீழே வருவதெல்லாம் அந்த நோட்டில் தட்டித் தடவிக் கற்றவை.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொற்கள்

வேறெதற்கும் முன்னால் தமிழில் வாசனைக்கு உள்ள சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். மிளகாய் வறுத்தால் வருவது நெடி. மழை வரும் முன் வருவது மண்வாடை. மல்லிகைப் பந்தல் கமழ்கிறது. உலராத துணியில் வீச்சம். இவையெல்லாம் ஒரே பொருளுக்கு நான்கு பெயர்கள் அல்ல. நெடி நம்மைத் தேடி வந்து மூக்கில் ஏறும். கமழ்வது அவசரமில்லாமல் தானாகப் பரவும். வாடை ஒன்றை ஒட்டிக்கொண்டு கிடக்கும், பெரும்பாலும் கிட்டே போனால்தான் தெரியும். ஆக, வாசனை எப்படி இருக்கிறது என்பதோடு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் இந்தச் சொற்கள் சொல்லிவிடுகின்றன. சென்ட்டை எழுதுவதற்கும் இந்த இரண்டும்தான் வேண்டும். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் 'நோட்ஸ்' பட்டியலைப் பார்த்து எழுதுவதைவிட, இது நெடியா, கமழ்கிறதா, வாடையா என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அந்த நோட்ஸ் பட்டியலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அது பாட்டிலுக்குள் இருக்கும் பொருள்களின் பட்டியல் அல்ல. எந்த வாசனையை நீங்கள் உணர வேண்டும் என்று நிறுவனம் விரும்புகிறதோ, அதன் பட்டியல். 'கடல் உப்பு' என்று போட்டிருந்தால் உள்ளே உப்பு இல்லை. ஆகவே அதை மூடி வைத்துவிட்டு மோந்து பாருங்கள். எழுதி முடித்த பிறகு திறந்து ஒப்பிடலாம்.

மூன்று பாட்டில்களோடு தொடங்குங்கள்

ஆரம்பத்திலேயே பத்தாயிரம் ரூபாய் பாட்டிலுக்குப் போக வேண்டாம். மசாலா, மரம், ஃப்ரெஷ் என்ற மூன்று குடும்பங்களுக்கும் நம் வீடுகளில் புழங்கிய மலிவான பொருள்களே போதும்.

ஃப்ரெஷ் குடும்பத்துக்கு ஓடிகோலன். காய்ச்சலில் படுத்தவர் நெற்றியில் துணியை நனைத்துப் போடுவோமே, அதேதான். ஜெர்மனியின் கோல்ன் நகரத்தில் ஃபரினா என்ற இத்தாலியக் குடும்பம் 1709 இல் தொடங்கிய கடையிலிருந்து உலகமெங்கும் பரவிய வகை அது. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் (எலுமிச்சை இனத்துப் பழம்) இவற்றின் தோல் எண்ணெய்களோடு கொஞ்சம் மூலிகை, மீதியெல்லாம் ஆல்கஹால். மசாலாவுக்கு ஓல்ட் ஸ்பைஸ் ஆஃப்டர் ஷேவ். ஆண்களுக்கான ஓல்ட் ஸ்பைஸ் 1938 இல் வந்தது. அதன் நடுவில் இருக்கும் கிராம்புச் சாயலை யாரும் தவறவிட மாட்டார்கள். மரத்துக்கு ஒரு சின்ன வெட்டிவேர் அத்தரோ சந்தன அத்தரோ போதும். வெட்டிவேர் சந்தனத்தைவிட எளிதாகக் கிடைக்கும். நல்ல சந்தன எண்ணெய் விலை கூடுதல் என்பதால் மலிவான அத்தரில் அசல் சந்தனம் மிகக் குறைவாகவே இருக்கும்.

இவற்றோடு கெட்டியான படத்தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கீற்றுகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலில் பெயரும் நேரமும் எழுதுங்கள். பேனா மையின் வாசனை குறுக்கே வரும்.

அடிப்பதும் மோப்பதும்

காகிதத்தில் முதலில், தோலில் பிறகு. காகிதம் வாசனையைத் தனியாகக் காட்டும். தோல் அதைச் சூடாக்கி நகர்த்தும். முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில், ஒரு சாண் தூரத்திலிருந்து ஒரே ஒரு முறை அடியுங்கள். மணிக்கட்டு இரண்டையும் சேர்த்துத் தேய்க்கும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். தேய்த்தால் தோலும் சூடாகும், வாசனையும் பரந்துபோகும். சீக்கிரம் ஆவியாக வேண்டியவை இன்னும் சீக்கிரம் போய்விடும், நீங்கள் எழுத வேண்டிய முதல் வரியே காணாமல் போகும்.

அடித்த உடனே மூக்கை வைத்தால் ஆல்கஹால் நெடிதான் ஏறும். ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு மோந்து எழுதுங்கள். அடுத்தது 15 நிமிடத்தில், அதற்கடுத்து 1 மணி நேரத்தில், பிறகு 4 மணி நேரத்தில், கடைசியாக மறுநாள் காலை. இந்த ஐந்து நேரமும் முக்கியம். ஒரே மூச்சில் எழுதிவிட்டால் அது அந்தச் சென்ட்டின் முதல் பக்கம் மட்டுமே.

ஏன் இப்படி மாறுகிறது? எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன் சின்ன மூலக்கூறு, 10 கார்பன் அணுக்கள்தான். சந்தனத்தின் சாண்டலாலில் 15 கார்பன், அதோடு ஓர் ஆக்சிஜனும் உண்டு. சின்னது முதலில் பறக்கும், கனமானது தங்கும். அதனால்தான் ஃப்ரெஷ் வாசனைகள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுக் கிளம்பிவிடுகின்றன, மசாலா நடுவில் வருகிறது, மரம் ராத்தங்குகிறது. ஒரு குடும்பத்தின் பெயர் வாசனையை மட்டுமல்ல, அது வரும் நேரத்தையும் சொல்கிறது என்பதை மனதில் வையுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று சென்ட்டுக்கு மேல் வேண்டாம். மூக்கு அலுத்தால் கடைகளில் காப்பிக்கொட்டைக் கிண்ணத்தை நீட்டுவார்கள். அதற்குத் தனிச் சக்தி எதுவும் கிடையாது, இன்னொரு பலமான வாசனைதான் அது. சென்ட் படாத உங்கள் சட்டைத் தோளை மோந்துவிட்டு வெளிக்காற்றில் இரண்டு நிமிடம் நின்றால் போதும்.

மசாலா வாசனையைக் 'காரம்' என்று எழுதாதீர்கள்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கேதான் முதல் தடுக்கல். ஸ்பைசி என்றால் உடனே காரம் என்று கை எழுதிவிடும். ஆனால் காரம் என்பது வாசனையே அல்ல, நாக்கிலும் தோலிலும் படும் எரிச்சல். மிளகின் காரம் பைப்பரினிலிருந்து வருகிறது. பைப்பரின் எளிதில் ஆவியாகாது, மிளகைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் அது வந்து சேர்வதும் இல்லை. சென்ட்டில் இருக்கும் மிளகு காரம் கழன்ற மிளகு. அதை மோந்தால் வருவது உலர்ந்த மரம், கொஞ்சம் பைன், கொஞ்சம் எலுமிச்சைத் தோல், நுனியில் ஒரு குத்தல். ரசத்துக்கு மிளகைத் தட்டிய முதல் நொடியில் உரலிலிருந்து கிளம்புமே, அது.

இதற்கு நல்ல பயிற்சி உங்கள் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. ஆறு சின்னக் கிண்ணங்களில் மிளகு, ஏலக்காய், கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், கொத்தமல்லி விதை இவற்றைத் தனித்தனியே ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒருவரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பெயரைக் கண்டுபிடிப்பது விளையாட்டு, அது கிடக்கட்டும். இது குளுமையா, கதகதப்பா, வறட்சியா, இனிப்பா என்று சொல்வதுதான் பயிற்சி.

ஏலக்காய் குளுமை என்று கிட்டத்தட்ட எல்லோருமே சொல்வார்கள். அதில் இருக்கும் சினியோல், நீலகிரித் தைலத்திலும் இருக்கும் அதே பொருள். கொத்தமல்லி விதையை மோந்தால் மசாலாவைவிடப் பூவும் எலுமிச்சையும் முன்னால் வரும்; அதன் எண்ணெயில் பெரும்பங்கு லினலூல், லாவெண்டரிலும் இருக்கிற பொருள். மிளகு, ஏலக்காய், கொத்தமல்லி, இஞ்சி எல்லாம் ஒரு பக்கம். கடைக்காரர் மொழியில் இவை 'ஃப்ரெஷ் ஸ்பைசி'. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மறுபக்கம். இவை கதகதப்பானவை, இனிப்பின் பக்கம் சாய்பவை, தோலில் கொஞ்ச நேரம் தங்குபவை. நான் ஏமாந்த அந்தப் பாட்டில் முதல் பக்கத்தைச் சேர்ந்தது. இந்தப் பிரிவு தெரிந்திருந்தால் "குளுமையான மசாலாவா, கதகதப்பான மசாலாவா?" என்று கடையிலேயே கேட்டிருப்பேன். நீங்கள் கேளுங்கள்.

கிராம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். பல் மருத்துவர்கள் பயன்படுத்துவதும் அதைத்தான். அதனால் கிராம்பு மிகுந்த ஒரு சென்ட்டை நம்மில் ஒருவர் மோந்தால் 'பிரியாணி' என்பார், இன்னொருவர் 'பல்வலி மருந்து' என்பார். என் அக்கா இரண்டாவது வகை. இருவர் சொல்வதும் சரி. இரண்டையும் எழுதுங்கள், படிக்கிறவர் தனக்கு எது என்று முடிவு செய்துகொள்வார். சீரகமும் இப்படித்தான். சில சென்ட்களில் சிறிது சீரகம் சேர்ப்பார்கள். மேற்கே அதை மோந்தவர்கள் வியர்வை என்று எழுதுகிறார்கள். நமக்கு அது தாளிப்பு. வெளிநாட்டு விமரிசனத்தைப் பார்த்து 'வியர்வை வாடை' என்று எழுதுவதற்கு முன் உங்கள் மூக்கு என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

பட்டையிலும் ஒரு பேதம் உண்டு. நம் மளிகைக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது தடித்த காசியாப் பட்டை. நேராக, உரக்கப் பேசும். இலங்கைக் கறுவாப்பட்டை மெல்லிய சுருளாக இருக்கும், வாசனையும் மென்மை, உள்ளே கிராம்பின் சாயல் கொஞ்சம் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து மோந்துவிட்டால், ஒரு சென்ட்டில் வரும் பட்டை எந்தப் பட்டை என்று எழுத முடியும். படிக்கிறவருக்கு அது மிகவும் உதவும்.

ஓர் எச்சரிக்கை. கிராம்பு எண்ணெய், பட்டை எண்ணெய் இவற்றைப் பயிற்சிக்காக நேரே தோலில் தடவாதீர்கள். தோல் சிவந்து எரியும், சிலருக்கு ஒவ்வாமையாகவே நின்றுவிடும். கிண்ணத்தில் மோந்தால் போதும்.

மர வாசனைகள், அவற்றில் மரமல்லாதவையும்

வுடி என்று சொல்லப்படுபவற்றில் எனக்குப் பிடித்த விஷயம், பாதி வாசனைகளுக்கு நம் மொழியிலேயே பெயர் இருப்பது. 'வெட்டிவர்' என்று உலகம் முழுக்கப் பாட்டில்களில் எழுதியிருக்கிறதே, அது தமிழின் வெட்டிவேர்தான்; பிரெஞ்சு வழியாகப் போய்ச் சேர்ந்தது. 'பச்சூலி' என்ற பெயரும் தமிழிலிருந்து கிளம்பியதாகவே அகராதிகள் சொல்கின்றன. 'ஊத்' என்று அரபு நாட்டுக் கடைகளில் விற்பது அகில். சங்கப் பாட்டில் ஆரமும் அகிலும் சேர்ந்தே வரும். ஆரம் என்றால் சந்தனம்.

இவற்றில் வெட்டிவேர் வேர், பச்சூலி இலை, இரண்டுமே மரமல்ல. இருந்தாலும் மர வாசனைக் குடும்பத்தில்தான் வைக்கிறார்கள், கனமும் தங்கும் தன்மையும் அப்படி. எனவே 'மர வாசனை' என்று மட்டும் எழுதினால் எதையும் சொல்லவில்லை என்றே அர்த்தம். எந்த மரம், ஈரமா உலர்ந்ததா, பாலா புகையா என்று சொல்ல வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள். நலங்கு மாவுக்குச் சாமான் வாங்குவதுபோல வெட்டிவேர், கோரைக்கிழங்கு, சந்தனத் தூள், சாம்பிராணி இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டிவேரை உலர்ந்தபடி ஒரு முறை, நனைத்து ஒரு முறை மோந்து பாருங்கள். உலர்ந்தால் வைக்கோலும் லேசான புகையும். நனைத்தால் மண்பானைத் தண்ணீர், ஈரத் தட்டி, கொஞ்சம் கசப்பான பச்சை. அத்தரிலும் சென்ட்டிலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலும் முன்னால் நிறுத்துவார்கள். ஹெயிட்டியில் வடிக்கும் எண்ணெய் சுத்தமாக, ஆரஞ்சுத் தோலோடு ஒத்துப்போகிறதாக இருக்கும். ஜாவா எண்ணெயில் புகை தூக்கல். கோரைக்கிழங்கை ஏன் வாங்கச் சொல்கிறேன் என்றால், அதற்கு நெருங்கிய உறவான நாகர்மோத்தாவின் எண்ணெயை வைத்துத்தான் இன்றைய பல 'ஊத்' சென்ட்களில் அகில் போன்ற சாயலைக் கட்டுகிறார்கள். மண்ணும் தோல்பையும் புகையும் கலந்த அந்த வாசனை மூக்கில் பதிந்துவிட்டால், எது அகில் மாதிரி, எது அகிலே என்று மெல்ல மெல்லப் பிரிபடும். அசல் அகில் என்பது அந்த மரம் பூஞ்சை தாக்கிச் சுரக்கும் பிசின் ஊறிய கட்டை. அதில் மாட்டுத்தொழுவமும் தேனும் பழைய தோல்பையும் ஒன்றாக இருக்கும். முதல் முறை மோந்தவர் முகம் சுளித்தால் வியப்பில்லை.

சந்தனத்தைப் பற்றி நம்மிடம் ஒரு தவறான எதிர்பார்ப்பு உண்டு. ஊதுபத்தி, பவுடர், சோப்பு எல்லாவற்றிலும் 'சந்தனம்' என்று உரத்த ஒரு வாசனையைக் கேட்டுப் பழகியதால், உரக்க இருந்தால்தான் அசல் என்று நினைக்கிறோம். கல்லில் கட்டையை உரைத்து மோந்து பாருங்கள். அது கத்தாது. பால், கொஞ்சம் வெண்ணெய், அடியில் மரம், அவ்வளவுதான், ஆனால் அந்த மென்மை மணிக்கணக்கில் நிற்கும். தமிழில் இதற்கென்றே இருப்பதுபோல ஒரு சொல் இருக்கிறது, கமழ்கிறது. இன்றைய சென்ட்களில் 'சாண்டல்வுட்' என்று வருவது பெரும்பாலும் ஆய்வகத்தில் செய்த ஜாவனால், எபனால் போன்ற பொருள்கள். அவை கொஞ்சம் கூர்மையாக, பளிச்சென்று இருக்கும். அவற்றைத் தரக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். சந்தனக் காடுகள் இன்னும் கொஞ்சமாவது மிஞ்சியிருக்க இவையும் வேண்டும். வேறு மாதிரி என்று மட்டும் எழுதுங்கள்.

'சீடர்' (cedar) என்ற மரத்தின் வாசனையை மேற்கத்திய விமரிசகர்கள் எல்லோரும் 'பென்சில் சீவல்' என்பார்கள். அங்கே பென்சிலை நெடுங்காலம் வர்ஜீனியா சீடரில் செய்தார்கள், அதனால் அது சரி. நம் பென்சில்கள் பெரும்பாலும் காஷ்மீரத்து பாப்லர் மரம். அதன் சீவலில் அந்த வாசனை வராது. ஆகவே அந்த உவமையை அப்படியே எடுத்து எழுதினால் நம் வாசகர் ஏமாறுவார். தச்சுப் பட்டறையில் புதிதாக இழைத்த பலகை, வறண்டு, தொண்டையில் லேசாக ஒட்டுவது என்று நான் எழுதுவேன்.

இந்த இடத்தில் ஐசோ ஈ சூப்பர் என்ற பொருளையும் தெரிந்துகொள்ளுங்கள். 1970களில் வந்த செயற்கை மர வாசனை, இன்றைய வுடி சென்ட்களில் எங்கும் இருக்கிறது. சிலருக்கு அது தெரியவே தெரியாது. சிலருக்கு வந்து வந்து போகும். ஒரு சென்ட்டை நீங்கள் மோந்து "ஒன்றுமே இல்லை" என்று நினைக்கும்போது பக்கத்தில் இருப்பவர் "என்ன இவ்வளவு வாசனை!" என்றால், மூக்கில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். அதையும் நோட்டில் எழுதுங்கள்.

'புத்துணர்ச்சி' என்ற சொல்லைத் தள்ளி வையுங்கள்

ஃப்ரெஷ் என்பதை விளம்பரங்கள் 'புத்துணர்ச்சி' என்று தமிழாக்கிவிட்டன. அது மோப்பவருக்கு நேர்வதைச் சொல்கிறதே தவிர, வாசனையைச் சொல்லவில்லை. ஃப்ரெஷ் என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் இது தோலா, இலையா, புல்லா, தண்ணீரா, சோப்பா என்று கேளுங்கள்.

தோல் என்றால் எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு இவற்றின் தோலை நகத்தால் கீறும்போது தெறிப்பது. இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமோட்டும் இதில் சேரும், ஆனால் அதில் எலுமிச்சையோடு கொஞ்சம் பூவும் கசப்பும் உண்டு. ஏர்ல் கிரே டீ குடித்திருந்தால் உங்களுக்கு அது தெரியும். இலை என்றால் நாரத்தை இலை. பெட்டிகிரேன் என்ற எண்ணெயைக் கசப்பு ஆரஞ்சு மரத்தின் இலையிலும் கொப்பிலும் இருந்துதான் வடிக்கிறார்கள். வேப்பிலைக்கட்டி இடிக்கும்போது உரலிலிருந்து வரும் அந்தப் பச்சை வாசனை நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது. துளசி, திருநீற்றுப்பச்சிலை, புதினா, மரிக்கொழுந்து எல்லாம் இந்தப் பக்கம். புல் சொல்லவே வேண்டாம், அறுத்துப் போட்ட புல்கட்டு.

தண்ணீர்தான் புதியவர்களைக் குழப்பும். கேலோன் என்ற பொருள் 1966 இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1990களின் சென்ட்களில் வெள்ளமாகப் பாய்ந்தது. அதைக் கடல்காற்று என்று விற்றார்கள். மெரினாவுக்குப் போய்ப் பழகிய மூக்குக்கு அது கடலாகத் தெரியாது. நம் கடற்கரையில் மீனும் கருவாடும் சுண்டலும் சேர்ந்தே வரும். கேலோனை மோந்தால் தர்பூசணியின் வெள்ளைப் பகுதி, வெள்ளரி, கொஞ்சம் சிப்பி என்றுதான் எனக்குப் படுகிறது. 1988 இல் பியர் பூர்தோன் என்ற சென்ட் கலைஞர் செய்த 'கூல் வாட்டர்' சென்ட் வேறு வகை. அதன் முதுகெலும்பு டைஹைட்ரோமிர்செனால் என்ற செயற்கை வாசனைப் பொருள், லாவெண்டரும் எலுமிச்சையும் எவர்சில்வர் தட்டும் சேர்ந்தாற்போல இருக்கும். சலவைத்தூளிலும் அதைத் தாராளமாகப் போடுவதால் பலர் 'சோப்பு மாதிரி' என்பார்கள். அது குறை அல்ல, சரியான வருணனை.

மூன்றும் ஒன்றாக வந்தால்

இந்த மூன்று குடும்பங்களும் ஒரே பாட்டிலில் இருப்பதற்கு நான் பயிற்சிக்குச் சொல்வது எர்மெஸ் நிறுவனத்தின் டெர் டெர்மெஸ். 2006 இல் ஜான் குளோத் எலெனா என்ற சென்ட் கலைஞர் செய்தது. முழுப் பாட்டில் வேண்டாம், 2 மில்லி மாதிரி போதும். சின்னக் குப்பியில் ஊற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். சுமார் 15, 20 முறை அடிக்கலாம். என் நோட்டில் அதைப் பற்றி இருப்பது இது. மாசி மாதம், மின்விசிறி ஓடும் அறை, கையில் ஒரு அடி.

"1 நிமிடம்: ஆரஞ்சுத் தோல், கூடவே கசப்பு. ஜூஸ் இல்லை, இனிப்பு இல்லை. நெடி மாதிரி எழுகிறது, ஆனால் குத்தவில்லை. 15 நிமிடம்: மிளகு, குளுமையான பக்கம். இரண்டு கூழாங்கல்லை உரசினால் வருமே, அந்தப் பொறி வாசனை. ஆரஞ்சு இன்னும் இருக்கிறது, பின்னால் போய்விட்டது. 1 மணி: வெட்டிவேர், உலர்ந்தது. இழைத்த பலகை. 4 மணி: கையை மூக்கருகே கொண்டுபோக வேண்டும். வேரும் மரமும், அடியில் சாம்பிராணியின் லேசான இனிப்பு. மறுநாள்: தோலில் இல்லை. சட்டைக் கையில் வெட்டிவேர் வாடை."

இதில் அழகான வாக்கியம் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கிற ஒருவர் அந்தச் சென்ட் தனக்கு வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும். நீங்களும் முதல் பத்து சென்ட்களுக்கு இப்படியே எழுதுங்கள். 'ராஜகம்பீரம்', 'மர்மம்' போன்ற சொற்களுக்கு இப்போது அவசரம் இல்லை.

உடம்பில் எப்படி நிற்கிறது

வாசனையை எழுதிய பிறகு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு மூன்று அளவுகள். வீச்சு என்பது எவ்வளவு தூரம் எட்டுகிறது. தடம் என்பது நீங்கள் கடந்து போன பிறகு காற்றில் எவ்வளவு மிஞ்சுகிறது. தங்கல் என்பது எவ்வளவு நேரம் நிற்கிறது. மூன்றையும் உங்கள் மூக்கை மட்டும் வைத்து அளக்க முடியாது. அரை மணி நேரத்தில் உங்கள் மூக்கு அதற்குப் பழகிவிடும். வாசனை போய்விட்டது என்று நினைத்து இன்னும் நான்கு அடி அடிப்பீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் கஷ்டப்படுவார்.

வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். ஒரு கை தூரத்தில் நின்றால் தெரிகிறதா, இரண்டு கை தூரத்தில் தெரிகிறதா, அறையை விட்டுப் போன பிறகும் இருக்கிறதா என்று அவர் சொல்லட்டும். ஆள் இல்லாவிட்டால் வெளியே போய் ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத் திரும்பி அறைக்குள் வந்து மோந்து பாருங்கள்.

இடத்தையும் பருவத்தையும் கட்டாயம் எழுதுங்கள். விமரிசனங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான், நமக்கு அது பெரிய குறை. ஐரோப்பியக் குளிர்காலத்தில் ஒருவர் "8 மணி நேரம் மென்மையாக நின்றது" என்று எழுதிய பட்டை, கிராம்புச் சென்ட்டை நான் சித்திரை வெயிலில் நான்கு அடி அடித்துக்கொண்டு நெரிசலான ரயிலில் ஏறினேன். சூட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி எனக்கே மூச்சு முட்டியது. அவர் எழுதியதில் தவறில்லை, ஊர் வேறு. வெக்கையில் முதலில் எழும் வாசனைகள் சீக்கிரம் பறக்கும், கதகதப்பான மசாலா கனத்துத் திரளும், வெட்டிவேரும் குளுமையான மசாலாக்களும் நன்றாக இருக்கும். ஏசி அறையில் அதே கிராம்பு அடக்கமாகிவிடும். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் போனால் எல்லாமே மெதுவாகும். எனவே "சென்னை, மே மாதம், வெளியில், 2 அடி" என்று தலைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

வறண்ட தோலில் வாசனை சீக்கிரம் போகும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் முதலில் தடவினால் கொஞ்சம் நிற்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் அதன் வாசனை கூடவே வரும், சோதிக்கும் நாளில் வேண்டாம். பருத்தித் துணியில் தோலைவிட நீண்ட நேரம் நிற்கும். பட்டிலும் வெள்ளைச் சட்டையிலும் அத்தர் கறை விடும், ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

இனி பெட்டியைத் திருப்பலாம். ஐரோப்பாவில் விற்கும் சென்ட்களில், ஒவ்வாமை தரக்கூடிய 26 பொருள்களில் ஏதேனும் 0.001 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெயரை அச்சிட வேண்டும் என்று விதி வைத்தார்கள். பிறகு அந்தப் பட்டியலை நீட்டியும் விட்டார்கள். அதனால் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. 'யூஜினால்' என்று இருந்தால் கிராம்பின் பக்கம், 'சின்னமால்' என்றால் பட்டையின் பக்கம், 'கூமரின்' என்றால் உலர்ந்த வைக்கோல் இனிப்பு இருக்க வாய்ப்பு. யூஜினால் ரோஜாவிலும் உண்டு, லிமோனீன் ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு, ஆகவே இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. நீங்கள் எழுதியதைச் சரிபார்க்க உதவும். தோல் உடனே சிவக்கிறவர்களுக்கு இன்னும் அதிகமாக உதவும்.

கடைசி வரியை இரவில் எழுதிவிடாதீர்கள். அன்று போட்ட சட்டையைத் துவைக்கப் போடாமல் நாற்காலியில் மாட்டி வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் பல் துலக்கி, காப்பி குடிக்கும் முன், அதன் காலரையும் கையையும் மோந்து பாருங்கள். எலுமிச்சை எப்போதோ போயிருக்கும், மிளகும் போயிருக்கும். அங்கே மிச்சமிருப்பது என்ன, மரமா, சாம்பிராணியா, சலவை வாசனையா என்று பார்த்து, நேரத்தையும் போட்டு எழுதுங்கள். பிறகு சட்டையைத் துவைக்கப் போடலாம்.